கையைக் காட்டு, கையை வாங்கு, பிறகு திருப்பு: மோட்டார் சைக்கிள் பழகுகிறவர்களுக்கு

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடியில் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு வேன் என்னை உரசாமல் போனதற்கு அந்தச் சாரதியின் ப்ரேக்தான் காரணம். நான் வலது சிக்னல் போட்டுத்தான் திரும்பினேன். போட்டதாக நினைத்தேன் என்பதுதான் சரி. சுவிட்சைத் தள்ளியிருந்தேன், ஆனால் பின்னால் லைட் எரியவில்லை. வேன்காரர் என்னை முந்துவதற்காக வலப்பக்கம் ஏறிவிட்டார். அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. "கையையாவது காட்டக் கூடாதா தங்கச்சி?"

அடுத்த நாளிலிருந்து கையைக் காட்டினேன். அது இன்னும் மோசமாகப் போனது. வலது கையை எடுத்ததும் வண்டி குலுங்கி நின்றது, பின்னால் வந்த ஓட்டோ ஹோன் அடித்தது, பதறிப்போய் ஒற்றைக் கையோடு திருப்பி, மணலில் காலை ஊன்றினேன். லைசனுக்கு ஓடிக் காட்டுகிற ட்ரையலிலும் இதே பிழையால் முதல் தடவை பெயிலானேன். கைச் சைகையைப் புத்தகத்தில் நாலு படமாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கையை எடுக்கும்போது வண்டிக்கு என்ன நடக்கும் என்று எவரும் சொல்லித் தரவில்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் படிப்பிக்கப் போவதற்காக முப்பது வயதில் வண்டி பழகியவள் நான். எனக்குப் போன காசும் நாளும் உங்களுக்குப் போக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. பேப்பர் வேலையை முதலில் தொடங்குங்கள்

வண்டி பழகிய பிறகு லைசன் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். எழுத்துப் பரீட்சை சித்தியடைந்து பழகுநர் அனுமதிப்பத்திரம் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் புதியவர்களுக்கு ட்ரையல். அந்த அனுமதிப்பத்திரம் 18 மாதம் செல்லும். ஆகவே முதலில் பேப்பர், பிறகு அந்த மூன்று மாதமும் நிதானமாகப் பழக்கம். நான் தலைகீழாகச் செய்து, எல் போர்ட் இல்லாமல் ஒழுங்கைக்குள் ஒளித்து ஒளித்து ஓடினேன். பொலிஸ் பிடித்திருந்தால் பேசுவதற்கு வாயே இல்லை.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். கொண்டு போக வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனம் கொடுக்கும் மருத்துவச் சான்றிதழ். எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு போட்டோப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் போட்டோகொப்பிக் கடை தேடினால் வரிசை போய்விடும். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். மருத்துவத்துக்கு நான் விடிய ஏழரைக்குப் போய்ப் பன்னிரண்டு மணிக்குள் வெளியே வந்தேன். கண் பார்வை பார்ப்பார்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு போங்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் லீவு என்று கணக்கு வையுங்கள்.

லைசன் வகுப்பு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 100 சிசி வரைக்கும் ஏ1, அதற்கு மேல் ஏ. "நான் ஸ்கூட்டிதானே ஓடப்போகிறேன், சின்ன வகுப்புப் போதும்" என்று ஏ1 எழுதிவிடாதீர்கள். ஸ்கூட்டி பெப் 100க்குக் கீழே, சரி. ஆனால் வீட்டுக்கு வீடு நிற்கிற டியோ 110 சிசி வண்டி. ஏ எடுத்துவிட்டால் நாளைக்கு எந்த வண்டி வாங்கினாலும் கவலை இல்லை.

செலவைப் பற்றி: அரசாங்கக் கட்டணத்தைக் கவுண்டரிலேயே கட்டி ரசீது வாங்குங்கள், அந்த ரசீதை ட்ரையல் முடியும் வரைக்கும் எறியாதீர்கள். பழக்குகிற இடத்தில் "முழுப் பாக்கேஜ்" என்று ஒரு தொகை சொல்வார்கள். அந்தத் தொகைக்குள் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். மருத்துவக் கட்டணம் உள்ளேயா, ட்ரையல் நாளுக்கு வண்டி வாடகை உள்ளேயா, பெயிலானால் இரண்டாம் தடவை யார் கட்டுவது? நான் கேட்கவில்லை. பெயிலான பிறகு கட்டணம் திரும்ப, வண்டி வாடகை திரும்ப, புதுத் திகதிக்குக் காத்திருந்தது வேறு.

நீங்கள் பழகும் வண்டியின் பேப்பரையும் பாருங்கள். காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், பிரதேச செயலகத்தில் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் திகதி தாண்டாமல் இருக்க வேண்டும். மச்சானின் வண்டி, மாமாவின் வண்டி என்று இரவல் வாங்கிப் பழகுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

2. சிக்னல் லைட்டைச் சரிசெய்யுங்கள்

கைச் சைகை லைட்டுக்குப் பதில் அல்ல, லைட்டோடு சேர்ந்தது. லைட் எரியாத வண்டியில் கையை மட்டும் நம்பி ஓடினால் இரவில் மாட்டிக்கொள்வீர்கள். இருட்டில் உங்கள் கை ஒருவருக்கும் தெரியாது.

வண்டி எடுக்கும் முன் இரண்டு பக்கச் சிக்னலையும் போட்டு, இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். வழக்கத்தை விட வேகமாக மினுங்கினால் பெரும்பாலும் ஒரு பல்ப் போய்விட்டது என்று அர்த்தம். மினுங்காமல் ஒரே மாதிரி எரிந்து நின்றால் லைட்டை மினுங்க வைக்கும் ப்ளாஷர் பெரும்பாலும் போய்விட்டது. எனக்கு நடந்ததில் பல்ப் நல்லாகத்தான் இருந்தது, பின்பக்க வயர் மட்கார்டுக்குக் கீழே அறுந்திருந்தது. திருத்த 400 ரூபா, அதுவும் கராஜ்காரர் தேத்தண்ணி குடித்த நேரத்தையும் சேர்த்து அரை மணித்தியாலம். அந்த 400 ரூபாவுக்காகத்தான் வேனுக்குக் கீழே போகப் பார்த்தேன்.

சரி, லைட் எரிகிறது, பிறகு ஏன் கை? எங்கள் பக்கத்து வெயிலுக்குத்தான். நான் காலையில் ஆரையம்பதியில் திரும்பி மண்முனைப் பாலம் ஏறி மேற்கே போகிறேன். பின்னேர வகுப்பு முடிந்து கிழக்கே வருகிறேன். இரண்டு முறையும் சூரியன் என் முதுகில். அந்த வெயில் பின் சிக்னல் கண்ணாடியில் நேரே விழும்போது லைட் எரிகிறதா இல்லையா என்று பத்தடி பின்னால் வருகிறவருக்கே தெரியாது. நான் ஒருநாள் வண்டியை நிறுத்தி எரியவிட்டுப் பார்த்தேன், எனக்கே தெரியவில்லை. நீட்டின கை எந்த வெயிலிலும் தெரியும்.

3. எந்தக் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். என்னுடைய எல்லாப் பிழையும் இது தெரியாததால் வந்தது.

கியர் வண்டியில் வலது கையில் எக்ஸிலேட்டரும் முன் ப்ரேக்கும் இருக்கின்றன. இடது கையில் கிளட்ச். பின் ப்ரேக் வலது காலில், கியர் இடது காலில். இப்போது வலது கையை எடுத்தால் என்ன ஆகும்? எக்ஸிலேட்டர் தானாக மூடிக்கொள்ளும், இழுவை நின்று எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். முன் ப்ரேக் இல்லை, பின் ப்ரேக் மட்டும். நாலாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது கையை எடுத்தால் வண்டி திக்கித் திக்கிக் குலுங்குவது இதனால்தான். அதனால் வலது கையை எடுக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, அதற்கேற்ற கியருக்கு இறக்கிவிட வேண்டும். மூன்றாம் கியரில் முப்பது அளவில் போனால் கையை எடுத்தாலும் வண்டி மெதுவாக வழிந்து போகும்.

இடது கையை எடுத்தால் எக்ஸிலேட்டரும் இரண்டு ப்ரேக்கும் உங்களிடம் இருக்கும், கிளட்ச் இருக்காது. அந்த நேரம் கியர் மாற்றப் பார்த்தால் வண்டி குலுங்கும், சட்டென்று நின்றால் எஞ்சின் அணைந்துவிடும்.

ஸ்கூட்டியில் கதை வேறு. வலது கையில் எக்ஸிலேட்டரும் முன் ப்ரேக்கும், இடது கையில் பின் ப்ரேக். காலில் ஒன்றும் இல்லை. இடது கையை எடுத்தீர்கள் என்றால் மிச்சம் முன் ப்ரேக் மட்டும்தான். எங்கள் கரையோர வீதிகளின் ஓரத்தில் மணல் இல்லாத இடம் குறைவு. மணலில் முன் ப்ரேக்கைப் பிடித்தால் என்ன நடக்கும் என்று விழுந்தவர்களைக் கேளுங்கள். ஸ்கூட்டியில் இடது கையை நீட்டுவதானால் தார் நன்றாக இருக்கும் இடத்திலேயே நீட்டி, ஓரத்துக்கு வரும் முன் கையைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

பழைய ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பெரியவர்கள் இடது கையால் குடையும் பிடித்து, மீன் பையையும் பிடித்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிக்குக் கிளட்ச் பிடி இல்லை, இடது கை எப்போதும் சும்மாதான் இருக்கும். அவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள்.

4. முதலில் நின்ற வண்டியில், பிறகு நேர் வீதியில்

முதல் இரண்டு நாள் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி வைத்து, ஏறி உட்கார்ந்து பழகுங்கள். கண்ணாடி பார், சிக்னல் போடு, கையை நீட்டு, மூன்று எண்ணு, கையை வாங்கு, ப்ரேக்கில் விரல் வை. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எங்கள் வளவுக்குள் நான் இப்படி உட்கார்ந்து கை காட்டியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் சைக்கிளையும் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திக் கை காட்டியது.

பிறகு ஆள் குறைந்த நேர் வீதி. விடிய ஆறு மணி நல்ல நேரம், ஆறரைக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். விளையாட்டு மைதானம் வேண்டாம், மணலில் ஒற்றைக் கைப் பழக்கம் வராது. இரண்டாம் கியரில் மெதுவாகப் போய், வலது கையை எக்ஸிலேட்டரிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு மட்டும் எடுத்துத் திரும்ப வையுங்கள். நீட்ட வேண்டாம். பத்துத் தடவை. ஹாண்டில் நடுங்குகிறதென்றால் நீங்கள் மற்றக் கையால் அதை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். இரண்டு முழங்காலாலும் பெற்றோல் டாங்கியை அணைத்துக்கொண்டு, கையைத் தளர விடுங்கள். வண்டியை நேராக வைத்திருப்பது உங்கள் இடுப்பும் முழங்காலும்தான். ஸ்கூட்டியில் டாங்கி இல்லை, இரண்டு பாதத்தையும் தட்டில் பதித்துப் பாரமாக உட்காருங்கள்.

நாலு விரல் வந்த பிறகு அரைக் கை, பிறகு முழுக் கை. எனக்கு முழுக் கைக்கு எட்டு நாள் பிடித்தது. என் தம்பிக்கு ஒரே நாள். அது ஒரு விஷயமே இல்லை.

5. சைகைகள் நாலுதான்

வலப்பக்கம் திரும்ப: வலது கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டுங்கள், உள்ளங்கை முன்னுக்குப் பார்க்க வேண்டும். முழங்கை மடியக் கூடாது. மடிந்த கை பின்னால் வருகிறவருக்குத் தலைக்கவசத்தைச் சரிசெய்கிற மாதிரித்தான் தெரியும்.

இடப்பக்கம் திரும்ப: இதில் இரண்டு முறை இருக்கிறது. ஒன்று, இடது கையை அப்படியே நீட்டுவது. மற்றது, வலது கையை நீட்டி மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கமாக வட்டமாகச் சுழற்றுவது. இரண்டாவது கார்க்காரர்களுக்கானது, வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் இடது கை வெளியே தெரியாது அல்லவா. இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள். ட்ரையலுக்கு உங்களைப் பழக்குகிறவர் எதைக் காட்டச் சொல்கிறாரோ அதையே காட்டுங்கள், அங்கே போய் விவாதிக்க வேண்டாம். நாளாந்த ஓட்டத்தில் பின்னால் வரும் இளம் சாரதிகளுக்குச் சட்டென்று விளங்குவது நீட்டின இடது கைதான்.

வேகம் குறைக்க, நிற்க: வலது கையை நீட்டி, உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். உண்மையைச் சொன்னால் இந்தச் சைகையில்தான் எனக்கு மனமில்லை. நிற்கப் போகிற நேரத்தில் முன் ப்ரேக்கை விட்டுவிட்டுக் கையை வெளியே வைத்திருக்கச் சொல்கிறது. இரண்டு அசைவோடு கையை வாங்கிவிட்டுப் ப்ரேக்கைத் தொடுங்கள், ப்ரேக் லைட் மிச்சத்தைச் சொல்லும். முன்னுக்கு மாடு பாய்ந்தால் சைகையெல்லாம் வேண்டாம், இரண்டு கையும் ஹாண்டிலில்.

பின்னால் வருகிறவரைப் போகச் சொல்ல: வலது கையைத் தாழ்த்திப் பின்னாலிருந்து முன்னுக்கு வீசுவது. புதியவர்கள் இதைச் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து. முன்னால் வீதி வெறுமையாக இருக்கிறதென்று நீங்கள் பொறுப்பெடுக்கிறீர்கள். உங்கள் கையை நம்பி ஒரு லொறி முந்தி, எதிரே பஸ் வந்தால்? ஓரம் விட்டுக் கொடுங்கள், அது போதும்.

பொலிஸ்காரரின் கையும் பரீட்சைக்கு வரும், வீதியிலும் வரும். உங்களுக்கு முன்னால் நின்று உள்ளங்கையைக் காட்டிக் கையை உயர்த்தினால் நீங்கள் நிற்க வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு கையைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தால் அவருக்குப் பின்னால் வரும் நீங்கள் நிற்க வேண்டும். இதில்தான் பலர் தங்களை இல்லை என்று நினைத்துப் போய்விடுகிறார்கள்.

6. எதற்குப் பிறகு எது

சந்திக்கு இரண்டு லைட் போஸ்ட் முன்பே தொடங்குங்கள். மணிக்கு 40 கிலோமீற்றரில் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் ஓடுகிறீர்கள், மூன்று செக்கன் கை காட்டினால் 33 மீற்றர் போய்விடும். அதற்குப் பிறகு கையை வாங்க, ப்ரேக் பிடிக்க, கியர் இறக்க இன்னும் தூரம் வேண்டும். "கிட்டப் போய்க் காட்டலாம்" என்பது நடக்காத காரியம்.

வலப்பக்கம் திரும்புவதென்று வையுங்கள். முதலில் கண்ணாடி. பிறகு வலது தோளுக்கு மேலால் ஒரு பார்வை, கண்ணாடியில் விழாத இடத்தில்தான் முந்துகிற பைக் இருக்கும். சிக்னல் லைட். வேகத்தைக் குறைத்து ஒரு கியர் இறக்குங்கள். இப்போது கை, மூன்று எண்ணும் வரைக்கும், வண்டி நேராகப் போய்க்கொண்டிருக்க. கையை வாங்குங்கள். திரும்பவும் கண்ணாடி. வீதியின் நடுக்கோட்டை ஒட்டி வந்து, எதிரே வருகிறவர்களுக்கு விட்டு, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புங்கள். திரும்பியதும் லைட்டை அணையுங்கள். மோட்டார் சைக்கிள் சிக்னல் கார் மாதிரித் தானாக அணையாது. அணைக்காமல் மூன்று மைல் வலது சிக்னலோடு போகிற வண்டியை நம்பி எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள்.

இரண்டாம் தடவைப் பழக்கத்துக்கு எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் பின்னால் இன்னொரு வண்டியில் வருவார். பழைய லொறிச் சாரதி. நான் கையை நீட்டியபடியே சந்திக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் அவர் குரல் ஹோனை விடப் பெரிதாகக் கேட்கும். "கைய வாங்கு மனே! கைய வாங்கிப் போட்டுத் திருப்பு!" வீதியில் போகிற எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கும் சந்தி கிட்ட வரும்போது அந்தக் குரல் காதுக்குள் கேட்கும், கை தானாக வந்துவிடும்.

கையைக் காட்டிவிட்டால் வழி கிடைத்துவிட்டது என்று நினைப்பது இன்னொரு பொறி. பின்னால் வந்தவர் பார்த்தார் என்பதற்கு என்ன சாட்சி? அதனால்தான் கையை வாங்கிய பிறகு திரும்பவும் கண்ணாடி. அவர் வேகத்தைக் குறைத்தால்தான் பார்த்திருக்கிறார். குறைக்கவில்லை என்றால் நீங்கள் திரும்ப வேண்டாம், அவரைப் போக விட்டுவிட்டுத் திரும்புங்கள். ஒழுங்கை எங்கேயும் ஓடிப்போகாது.

பின்னால் இருப்பவரின் கை பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரியோ பிள்ளையோ பின்னால் இருந்துகொண்டு உதவியாகக் கை காட்டுவார்கள். நீங்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம் காட்டினால் பின்னால் வருகிறவர் என்ன செய்வார்? "நான் சொன்னால் மட்டும் காட்டு" என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

7. எங்கள் பக்கத்துச் சந்திகள்

ஆரையம்பதியில் மண்முனை வீதியிலிருந்து வந்து கல்முனைப் பக்கம் போக வலது பக்கம் ஏறுகிறீர்கள் என்றால், பிரதான வீதியில் இரண்டு பக்கமும் பஸ் பறக்கும். அங்கே கை காட்டுவது சந்திக்கு வரும் முன்பே முடிந்துவிட வேண்டும். நிறுத்துக்கோட்டில் இரண்டு கையும் காலும் வண்டிக்குத் தேவை, லைட் மட்டும் எரியட்டும்.

காரைதீவுச் சந்தியில் கல்முனையிலிருந்து வருகிறவர்களுக்கு அம்பாறை வீதி வலப்பக்கம், அக்கரைப்பற்றிலிருந்து வருகிறவர்களுக்கு இடப்பக்கம். செங்கலடியில் மட்டக்களப்பிலிருந்து போகிறவர்களுக்குப் பதுளை வீதி இடப்பக்கம். இடது பக்கம் திரும்பும்போது எல்லோரும் கவனிக்காத ஒன்று: உங்களுக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒரு சைக்கிள் நுழைந்திருக்கும். இடது தோளுக்கு மேலாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான்.

காத்தான்குடியில் நடுவில் பேரீச்ச மரம் நிற்கும் வீதியில் கைக்குப் பெரிய வேலை இல்லை, ஆட்கள் நெருக்கத்தில் இரண்டு கையும் ப்ரேக்குக்கே வேண்டும். மெதுவாகப் போய் லைட்டைப் போடுங்கள், அவ்வளவுதான்.

பஸ் நடத்துனர் மிதிபலகையில் நின்று கையை வெளியே போட்டால் அதைச் சைகையாகவே எடுங்கள், பஸ் உங்கள் பக்கம் வருகிறது. உழவு மெசின் பெட்டியில் இருப்பவர்கள் கை காட்டினால் மட்டும் சந்தேகப்படுங்கள், தெரிந்தவர்களுக்கு டாட்டா காட்டுவதாகவும் இருக்கலாம். எதிரே வருகிறவர் பெரிய லைட்டை அடித்தால் "நீ போ" என்று எடுக்காதீர்கள். இங்கே பெரும்பாலும் "நான் வருகிறேன், நில்" என்றுதான் அடிக்கிறார்கள்.

8. கையை எடுக்கவே கூடாத இடங்கள்

பாலங்கள். கல்லடிப் பாலத்திலும் மண்முனைப் பாலத்திலும் வாவிக் காற்று பக்கத்திலிருந்து தள்ளும். ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது இரண்டு கையால் பிடித்தாலே வண்டி ஒரு முழம் நகரும். நல்லகாலம், பாலத்தில் திரும்ப இடமும் இல்லை.

நெல் காய்கிற வீதி. அறுவடைக் காலத்தில் படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கமும் வீதியில் பாதி நெல்லாக இருக்கும். டயருக்குக் கீழே நெல்மணி உருளும். அதன் மேல் போகும்போது கையும் வேண்டாம், ப்ரேக்கும் வேண்டாம், நேராக மெதுவாகக் கடந்து போங்கள்.

வேகத்தடை, குழி, தண்ணீர் நிற்கும் இடம். மாரியில், கார்த்திகை மார்கழி மழையில், குழி எது வீதி எது என்று தெரியாது. மழைக் கோட்டின் கை காற்றில் ஊதிக்கொண்டு படபடக்கும், நீங்கள் காட்டுவது கையா துணியா என்று ஒருவருக்கும் விளங்காது. மழையில் லைட்டை வழக்கத்தை விட முன்பே போட்டு, ப்ரேக்கை இரண்டு தடவை மெதுவாகத் தொட்டுப் பின்னால் வருகிறவருக்கு மினுக்கிக் காட்டுங்கள்.

உடுப்பையும் சொல்ல வேண்டும். சாரி முந்தானையைச் சொருகி, பின் குத்துங்கள். அபாயா போடுகிறவர்கள் அகலக் கைக்கு மேல் ஒரு நீளக் கையுறை போட்டால் துணி ஹாண்டிலில் மாட்டாது. நான் வெயிலுக்காக 350 ரூபாவுக்கு வெள்ளைக் கையுறை வாங்கினேன், கறுக்காமல் இருக்கத்தான். கை காட்டும்போது தூரத்திலேயே தெரிகிறது என்று பின்னால் வந்த ஆசிரியர் ஒருவர் சொன்ன பிறகு கறுப்பு வாங்குவதில்லை.

9. ட்ரையல் நாள்

பழகுநர் அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, ரசீது, வண்டியின் காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும், முன்னும் பின்னும் எல் போர்ட், தலைக்கவசம். தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டுங்கள், சும்மா தொங்க விடாதீர்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உங்கள் முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, மத்தியானம் தாண்டலாம்.

முந்தின நாளே, ஓடப்போகும் அதே வண்டியில் ஒரு மணித்தியாலம் ஓடுங்கள். வாடகை வண்டியின் எக்ஸிலேட்டர் சிலவற்றில் இறுகி இருக்கும், கையை எடுத்தாலும் மூடாது. எனக்கு இரண்டாம் தடவை கிடைத்த வண்டியில் கேபிள் அப்படித்தான் இருந்தது. பழக்குகிறவரிடம் சொல்லி எண்ணெய் விடச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால், கை வெளியே, வண்டி பாய்ந்துகொண்டு முன்னே.

எட்டுப் போடும்போது கை காட்டப் போய்விடாதீர்கள், அங்கே கால் ஊன்றாமல் இருப்பதுதான் காரியம். வீதியில் ஓடச் சொல்லும்போது பதற்றத்தில் கையை விசுக்கென்று எடுத்து விசுக்கென்று வைப்போம். மனதுக்குள் எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. என் இரண்டாம் ட்ரையலில் மூன்று எண்ணி, கையை வாங்கி, கண்ணாடி பார்த்துத் திருப்பினேன். பரீட்சகர் ஒன்றும் சொல்லாமல் கடதாசியில் எதையோ எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சித்தி என்று எனக்கு விளங்கவே பத்து நிமிஷம் பிடித்தது.